கிசுமு வம்சம்

ஒரு குழாய்க்கு இருபத்தைந்து.
எல்லாம் பெண்கள்,
பிறந்து மூன்று நாள், இன்னும் ரத்தம் ருசிக்காதவை.
ரப்பர் குழலை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சி
மெல்ல ஊதி உள்ளே விட வேண்டும்.
கொஞ்சம் பலமாக ஊதினால் கால் ஒடிந்துவிடும்.
கொல்லப்போகிறவளுக்கு இத்தனை பதவிசு எதற்கு என்பான்
என் தம்பி சியாக்கா.

நஞ்சு தோய்த்த தாள் உட்சுவரில் சுருண்டிருக்கும்.
அதில் ஒரு மணி நேரம்.
பிறகு சுத்தமான குழாய்,
சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு,
மறுநாள் இதே நேரம்வரை காத்திருப்பு.

பஞ்சு.
அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.
கூ ஆற்றுப் பள்ளத்தில் நெல், மேட்டில் பருத்தி.
பூ வைத்ததும் சியாக்கா முதுகில் டப்பாவை மாட்டுவான்,
மூக்கில் ஒரு பழந்துணி.
மருந்து கம்பெனி கடனாகத் தந்தது.
காய்ப்புழு சாக வேண்டும், கடன் அடைய வேண்டும்.
புழு பாதி சாகும். கடன் சாகாது.
மிச்ச மருந்து மழையோடு இறங்கி
மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளங்களில் தேங்கும்.
அங்கேதான் நீர்மட்டத்தோடு மட்டமாகப் படுத்து
மூச்சு விடும் கொசுக்குஞ்சுகள்.

நஞ்சைத் தின்று பழகிவிட்டன என்கிறார்கள் ஊரில்.
பழகியவள் ஒருத்தியும் இல்லை.
பழக நேரமிருந்த எல்லாரும் செத்தார்கள்.
ஆயிரத்தில் ஒருத்திக்குக்
கால்தோல் பிறவியிலேயே கொஞ்சம் தடிப்பு.
அவள் முட்டையிட்டாள்.
அவ்வளவுதான் கதை.

என் வீட்டு வலையில் பூசியதும்
என் தம்பி தெளிப்பதும்
ஒரே குடும்பத்து மருந்து.
நாங்களும்தான் ஒரே குடும்பம்.

பக்கத்துக் குழாயில் கிசுமு வம்சம்.
கிழக்கே எங்கோ ஒரு பெரிய ஏரியோரம்
நான் பிறக்கும் முன்பே பிடித்தது.
கூண்டிலேயே முட்டை, கூண்டிலேயே பேத்தி,
ஆய்வகம் விட்டு ஆய்வகம் சீர்வரிசைபோல் கைமாறி வந்த கூட்டம்.
புகை தெரியாது. வலை தெரியாது. பருத்தி தெரியாது.
அதற்கு ஒரே வேலை,
மருந்து பட்டதும் சாவது.
மருந்து மருந்துதான் என்பதற்குச் சாட்சி வேண்டுமே.

பத்தாம் நிமிடம் கிசுமு மல்லாந்தது.
இருபதாம் நிமிடம் ஒன்றுகூட நிற்கவில்லை.
நல்ல பிள்ளைகள்.
சொன்ன நேரத்துக்குச் செத்தன.

எங்கள் ஊர்க்காரிகளோ
நஞ்சுத் தாளின் மேலேயே
சுவரில் பாதி அடித்த ஆணிபோல் சாய்வாக
உட்கார்ந்திருந்தார்கள், அறுபது நிமிடமும்.
ஒருத்தி முன்னங்காலைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் எண்ணினேன்.
நான்கு குழாய், நூறு பேர், இருபத்தொரு சாவு.
நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
இருபதுதான். ஒன்று எழுந்துவிட்டது.

இரவில் பிடித்துத் தருகிற லாசினா
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி
கடிபடுவதற்கென்றே உட்காருகிறவன்.
அவனிடம் சொன்னேன்.
டார்ச்சைக் கீழே வைத்தான்,
காற்றில் ஒரு தட்டு,
விரித்துக் காட்டினான் ஒரு துளி ரத்தத்தை.
"இதற்கு இன்னும் எதிர்ப்பு வரலை, கொரொத்திமி.
அறிக்கையில் எழுது."

எழுதவில்லை. கட்டத்தில் 20 என்று போட்டேன்.
கிசுமுவைக் குப்பையில் கவிழ்த்தேன்.
எடையே இல்லை.
என்னவோ அன்றைக்கு மட்டும்
அவற்றைக் கவிழ்க்கக் கை கொஞ்சம் தயங்கியது.

ஆகஸ்டில் ஒரோக்கியாவுக்கு மூன்று நாள் காய்ச்சல்.
மருத்துவ நிலைய பெஞ்சில்
ஒரு பிள்ளையின் சூடு இன்னொரு பிள்ளைக்கு ஏறும் நெருக்கம்.
பிழைத்தாள். எல்லாரும் பிழைக்கவில்லை.

வலையில் விரல் நுழையும் ஓர் ஓட்டை.
மருந்து போனாலும் நூல் நூல்தானே
என்று விளக்கடியில் தைக்கிறேன்.
பருத்தி நூல். சியாக்காவின் வயலாகக்கூட இருக்கலாம்.

உள்ளே மகள் புரண்டு படுக்கிறாள்,
முழங்கை வலையில் ஒட்டியபடி.
அதற்கு நேர் வெளியே
சாய்வாக, பாதி அடித்த ஆணி.

ஊசியை வைத்துவிட்டுக்
கைகளை உயர்த்துகிறேன்.